நத்தமில்லாத கழகம்

பத்துக் கழகங்கள் ஆடிய தொடராட்டத்தில் எட்டாமிடம்! 2017ஆம் ஆண்டில், அந்நாளில் இந்தியக் கால்பந்தின் முதற்பிரிவாக இருந்த ஐ-லீக் தொடராட்டத்துள் முதன்முறையாகக் கால்வைத்த சென்னை சிட்டிக் கால்பந்துக் கழகம், பதினெட்டு ஆட்டங்களையும் ஆடி முடித்தபோது நின்ற இடம் அதுவே. புதிய குழுவுக்குப் பட்டறிவு போதாது, போகப் போகத் தேறும் என்பதே அப்பருவத்தைப் பற்றிய பொதுப்பேச்சு. அப்பேச்சோடு அதனை மூடி வைத்துவிட்டு மட்டைப்பந்துச் செய்திக்குப் போய்விட்டது தமிழ்நாடு.

நாம் கேட்கின்றோம்: பட்டறிவு யாருக்குப் போதாது? பந்தை உதைத்த தமிழிளைஞனுக்கா? அவன் ஏறிவரப் படிக்கட்டு ஒன்றும் கட்டாமல், உச்சியில் கொண்டுபோய் நிறுத்தி, விழுந்தபின் கைகொட்டிச் சிரிக்கும் ஆட்டமேலாளர்க்கா? கால்பந்தைத் தன் மண்ணின் ஆட்டமாக வளர்க்காது, விலை கொடுப்போர் வாங்கிச் செல்லும் விளம்பரப் பலகையாக விட்டுவிட்ட தமிழ்க் குமுகத்துக்கா?

இவ்வினாக்களைச் சேர்வராயன் மலைமேலுள்ள செம்மநத்தத்திலிருந்து எழுப்புகின்றோம். கடற்கரைத் தலைநகரின் கழகத்துக்கும் மலைமேற் சிற்றூருக்கும் என்ன உறவு என்று சிலர் வினவக்கூடும். உறவு ஊர்ப்பெயரிலேயே இருக்கின்றது. நத்தம் என்பது நம் பழஞ்சொல். ஊர்மக்கள் வீடுகட்டி வாழ்வதற்கென்று ஒதுக்கப்பட்ட குடியிருப்பு நிலமே நத்தம். வருவாய்த்துறைப் பதிவேடுகளில் அச்சொல் இன்றும் உயிரோடிருக்கின்றது. விளைநிலம் கைமாறலாம்; தோட்டம் ஏலம் போகலாம்; நத்தம் இருக்கும்வரை ஊர் இருக்கும். நத்தம் போயிற்றென்றால் ஊர் கலைந்துவிடும். குடிக்கு நத்தம் எவ்வாறோ, அவ்வாறே கழகத்துக்குத் திடலும் உறுப்பினரும். சென்னை சிட்டிக் கழகத்துக்கு மற்றெல்லாம் ஒவ்வொரு வேளையில் வாய்த்தன. நத்தம் ஒன்றுதான் கடைசிவரை வாய்க்கவில்லை. அதன் முதற்பருவத்துத் துயரும், மூன்றாம் பருவத்து வாகையும், ஐந்தாம் பருவத்தோடு நேர்ந்த மறைவும் இவ்வொன்றைக் கொண்டே விளங்கிக்கொள்ளத்தக்கன.

வந்த வழி

முதற்கண், இக்கழகம் முதற்பிரிவுக்குள் வந்த வழியைக் காண்போம். 1946ஆம் ஆண்டில் நேதாசி விளையாட்டுக் கழகம் என்னும் பெயரோடு சென்னையில் தோன்றிய எளிய கழகம் இது. 1996இல் நாட்டளாவிய கால்பந்துத் தொடராட்டம் தொடங்கப்பெற்றபின், அதில் இந்தியன் வங்கிக் குழு சிலகாலம் தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கி ஆடிற்று. 2007இல் அத்தொடராட்டம் ஐ-லீக் என்று உருமாறியது. அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் முதற்பிரிவில் தமிழ்நாட்டுக் கழகம் ஒன்றேனும் இல்லை. ஏழு கோடி மக்கள் வாழும் நாட்டுக்குப் பதினொருவரைக் களத்தில் இறக்க வழியில்லாமற் போன இழிவை எவரும் பெரிதாகக் கொள்ளவில்லை.

2016ஆம் ஆண்டின் இறுதியில் அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, புதிய கழகங்களை நேரே முதற்பிரிவிற் சேர்த்துக்கொள்ள முன்வந்தது. சென்னை சிட்டியும் பஞ்சாபின் மினர்வாவும் தேர்ந்தெடுக்கப்பெற்றன. கீழ்ப்பிரிவில் ஆடி, வென்று, படிப்படியாக ஏறிவந்த வரவன்று இது. பொருள்வலிமையைக் காட்டி வாயிலைத் திறக்கச் செய்த வரவு. கழகத்தை இதற்காக நாம் குறைகூறவில்லை. திறந்திருந்த வாயில் அது ஒன்றே. அதன் வழியாக நுழைந்தது. குறை, ஆட்டத்தால் ஏறத்தக்க வழியை அடைத்துவிட்டுப் பொருளால் ஏறத்தக்க வழியை மட்டும் திறந்துவைத்தோருடையது.

அவ்வழியின் விளைவு யாது? ஆண்டிறுதியில் இசைவு, அடுத்த சனவரியில் ஆட்டம்! பல்லாண்டுகளாக ஒன்றாக ஆடிப் பழகிய குழுக்களுக்கு எதிரே, சில கிழமைகளுக்குள் திரட்டப்பெற்ற இளைஞர் நின்றனர். முதற்பிரிவின் விரைவு வேறு, உடல்வலிமை வேறு, ஒருநாட் பிழைக்கு அங்குக் கொடுக்கவேண்டிய விலை வேறு. சென்னையின் வட்டாரத் தொடராட்டத்தில் ஆடிய கால்கள் கொல்கத்தாவுக்கும் பெங்களூருக்கும் சில்லாங்குக்கும் பறந்து சென்று ஆடவேண்டியிருந்தது. பருவ நடுவிலேயே பயிற்றுநரை மாற்றவேண்டிய நிலையும் நேர்ந்தது. கட்டடம் எழும்பும்போதே கொத்தனாரை மாற்றினால் சுவர் நேராக நிற்குமா?

அவ்வளவு இடர்ப்பாட்டிடையிலும் இவ்விளைஞர் 1889இல் தோன்றிய மோகன் பகானைத் தோற்கடித்தனர் என்பதை மறவாதீர்! நூற்றாண்டு கடந்த அக்கழகத்தின் பெருமைக்கு முன்னே, நேற்று நுழைந்த நம் பிள்ளைகள் நெஞ்சு நிமிர்த்தினர். திறமை இல்லாதோர்க்கு அது இயலுமா? ஒருநாள் வெல்லும் ஆற்றல் அவர்களிடம் இருந்தது. பதினெட்டு நாளும் வெல்லும் அடித்தளம் அவர்களுக்குக் கீழே இல்லை. திறமை காலில் இருக்கின்றது. அடித்தளம் மண்ணில் இருக்கவேண்டும். எட்டாமிடத்தின் பொருள் இதுவே.

அதே பருவம், வேறொரு மலை

இனி அதே பருவத்தின் பட்டியலைத் தலைப்பிலிருந்து படியுங்கள். முதலிடம் பெற்றது யார்? மோகன் பகானா? பெங்களூரா? இல்லை. மிசோரத்தின் ஐசால் கழகம்! 2017 ஏப்பிரல் 30ஆம் நாள் சில்லாங்கில் ஒன்றுக்கொன்று என்று ஆட்டத்தை ஒப்பாக முடித்து, 37 புள்ளிகளோடு, மோகன் பகானை ஒரே புள்ளியால் பின்தள்ளி, வடகிழக்கு நாட்டுக்கு முதல் வாகையைக் கொண்டு சென்றது அக்கழகம்.

மிசோரத்தின் மக்கள்தொகை எவ்வளவு? 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 11 நூறாயிரம். அதே கணக்கெடுப்பில் நம் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 34 நூறாயிரத்துக்கு மேல். சேலம் மாவட்டத்தின் மூன்றிலொரு பங்கினும் குறைந்த மக்களைக் கொண்ட ஒரு மலைநாடு, இந்தியக் கால்பந்தின் உச்சியில் தன் கொடியை நாட்டிற்று. தமிழ்நாடு முழுவதின் பெயரையும் சுமந்த கழகம் எட்டாமிடத்தில் மூச்சு வாங்கிற்று. மலைமேல் வாழ்வோர்க்குத் திடல் ஏது, பயிற்சி ஏது என்று சாக்குச் சொல்வோர் ஐசாலை நினைக்கவேண்டும். அதுவும் கடல்மட்டத்திற்கு 1,100 மீட்டர் உயரத்துக்கு மேல், செங்குத்தான சரிவில் அடுக்கடுக்காக வீடு கட்டி வாழும் ஊர்தான். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. மலை தடையென்றால் இருவர்க்கும் தடை, அவர்கள் ஏறினார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். ஐசாலின் தொடக்கப்பருவம் 2015-16. அதில் அக்கழகம் பெற்ற இடமும் எட்டாமிடமே! ஒன்பது கழகங்களில் எட்டாவது. ஒன்பதாவதாக, கடைசியிலும் கடைசியாக நின்ற புனேயின் குழுமக் கழகம், பொருள்கொடுத்து நேரே நுழைந்த கழகமாதலாற் கீழிறக்கத்தினின்று காப்புப் பெற்றிருந்தது. எனவே அதனைத் தொடாமல், அதற்குமேல் நின்ற ஐசாலைக் கீழே தள்ளினர். ஆடித் தோற்றவனுக்கு ஒறுப்பு. அவனினும் மிகுதியாகத் தோற்ற பொருளாளனுக்குக் காப்பு! இதுதான் தில்லியில் அமர்ந்திருக்கும் கூட்டமைப்பின் நயன்மை. 2016இல் கோவாவின் முதுபெருங் கழகங்கள் மூன்று, கூட்டமைப்பின் புதிய திட்டத்தை எதிர்த்து வெளியேறின. அதனாற் காலியான இடத்தில்தான் ஐசால் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பெற்று, அடுத்த பருவத்திலேயே வாகைசூடிற்று.

ஒரே வகை எட்டாமிடத்திலிருந்து ஐசால் ஓராண்டில் முடிசூடியது எவ்வாறு? மிசோ மக்கள் 2012இலேயே தங்களுக்கெனத் தனித் தொடராட்டம் ஒன்றை நிறுவிக்கொண்டனர். அவர்கள் நாட்டுத் தொலைக்காட்சி அதனை வீடுதோறும் காட்டிற்று. தந்தையும் தாயும் பாட்டனும் பார்த்தனர்; பக்கத்து வீட்டுப் பையன் பந்தடிப்பதைத் தங்கள் மொழியில் புகழக் கேட்டனர். அவ்வாட்டக்காரர் அவர்கள் பிள்ளைகள்; அத்திடல் அவர்கள் திடல். ஐசால் கழகத்துக்கும் உடைமையர் உண்டு, அதனை மறைக்கவில்லை. ஆனால் அவ்வுடைமையர்க்குக் கீழே ஒரு மக்களினம் நின்றது. சுருங்கச் சொன்னால், ஐசாலுக்கு நத்தம் இருந்தது. விழுந்தவன் தன் வீட்டுத் திண்ணையில் விழுந்தான், எழுந்துகொண்டான். சென்னை விழுந்தது வாடகை வீட்டில்.

வாகைக்குக் கிடைத்த பரிசு

வாடகை வீடு என்றது வெறும் உவமையன்று. முதற்பருவம் முடிந்ததும், சென்னையின் பெயரைத் தாங்கிய கழகம் சென்னையை விட்டுக் கோவைக்குக் குடிபெயர்ந்தது. கோவையும் தமிழ்மண்ணே, கோவை மக்கள் அதனைத் தழுவிக்கொண்டனர். ஆயினும் தலைநகரில் தனக்கென ஒரு திடல் இல்லாத தலைநகர்க் கழகம் உலகில் எத்துணை உண்டு? 2017-18இலும் எட்டாமிடமே கிடைத்தது. கீழிறக்கத்துக்கு ஒரே இடம் மேலே!

மூன்றாம் பருவத்தில் வந்தது விடிவு. சிங்கப்பூரின் அக்பர் நவாசு பயிற்றுநராகப் பொறுப்பேற்றார். எசுப்பானிய நாட்டினின்று வந்த ஆட்டக்காரரும் நம் இளைஞரும் ஒன்றிக் கலந்து ஆடினர். பெத்துரோ மான்சி 21 கோல் அடித்தார். 2019 மார்ச்சு 9ஆம் நாள், கோவையில், மினர்வாக் குழுவை மூன்றுக்கு ஒன்று என்று வென்று, 43 புள்ளிகளோடு ஐ-லீக் வாகையைச் சூடிற்று சென்னை சிட்டி. ஈசுட் பெங்கால் 42 புள்ளிகளோடு இரண்டாவதாக நின்றது. தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று அவ்வாகையை வென்றது அதுவே முதன்முறை. அடுத்த திங்களிலேயே புவனேசுவரத்தில், பொருள்வலிமை மிக்க இந்தியன் சூப்பர் லீக்கின் வாகையரான பெங்களூரையும் இரண்டுக்கு ஒன்று என்று வீழ்த்திற்று.

ஆடுகளத்தில் இதற்குமேல் ஒரு கழகம் மெய்ப்பிக்க வேண்டியது என்ன இருக்கின்றது? ஆனால் பரிசு என்ன கிடைத்தது? அதே 2019இல், இனி முதற்பிரிவு ஐ-லீக் அன்று, இந்தியன் சூப்பர் லீக்கே என்று தீர்த்துவிட்டனர்! சென்னை சிட்டி தோற்றுக் கீழிறங்கவில்லை. வென்று, வென்ற கோப்பையைக் கையில் பிடித்தபடியே இரண்டாம் பிரிவுக் கழகமாக்கப்பட்டது. ஏணியின் உச்சிப்படியில் கால்வைத்தவனை அங்கேயே நிற்கவைத்துவிட்டு, அவ்வேணியையே தூக்கிப் பள்ளத்தில் வைத்ததுபோல் இல்லையா இது? ஐ-லீக் வாகையர்க்கு மேலேற்றம் என்னும் ஒழுங்கு நடைமுறைக்கு வந்தது 2023இல். அதன்வழி முதலில் ஏறியது பஞ்சாப்புக் கழகம். 2017இல் வென்ற ஐசாலுக்கும், 2018இல் வென்ற மினர்வாவுக்கும், 2019இல் வென்ற சென்னைக்கும் அக்கதவு அடைத்தே கிடந்தது. சிறுகழகங்கள் மூன்று அடுத்தடுத்து மூன்றாண்டுகள் வாகைசூடிய காலத்தில்தான் வெற்றிக்குப் பொருளில்லாமற் செய்யப்பட்டது என்பதை நெஞ்சிற் குறித்துக்கொள்க!

இதன் வேர் 2010ஆம் ஆண்டு திசம்பரில் இருக்கின்றது. அன்றுதான் கூட்டமைப்பு, இந்தியக் கால்பந்தின் வணிக உரிமைகளைப் பதினைந்தாண்டுக்கு, 700 கோடி உருபாவுக்கு, இரிலையன்சு கூட்டுநிறுவனத்திடம் எழுதிக் கொடுத்தது. 2014இல் தோன்றிய இந்தியன் சூப்பர் லீக் அவ்வொப்பந்தத்தின் பிள்ளை. கீழிறக்கம் இல்லாத, உரிமத்தொகை கட்டி நுழையும் அடைத்த கூடாரமாகவே அது எழுப்பப்பட்டது. அக்கூடாரம் என்னவாயிற்று? ஒப்பந்தம் முடியும் காலம் நெருங்க, புதுப்பிப்புக்கு இணக்கம் ஏற்படாமல், 2025 சூலையில் அத்தொடராட்டத்தின் அடுத்த பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. பொருளால் கட்டிய கோட்டைக்குப் பொருளே காலன்! ஆட்டத்தை நிறுவனத்திடம் ஒப்படைத்தால், நிறுவனம் கையை எடுத்த நாளில் ஆட்டம் நின்றுபோகும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

சென்னை சிட்டியின் எஞ்சிய நாள்களையும் சொல்லி முடிப்போம். 2019 தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் பேசல் கழகம் அதன் பங்குகளில் 26 விழுக்காட்டை வாங்கிற்று. 2020 சனவரியில் ஆசிய வாகையர் தொடராட்டத்தின் முன்னோட்டச் சுற்றில் பகுரைனின் இரிப்பாக் கழகத்திடம் ஒரே கோலால் தோற்றது. அதே ஆண்டு மார்ச்சில் ஆசியக் கோப்பைக்கான தன் திடல் ஆட்டத்தை எங்கே ஆடியது தெரியுமா? அகமதாபாத்தில்! சென்னைக் கழகத்தின் வீடு குசராத்தில்! பின்னர்க் கொரோனாப் பெருந்தொற்று வந்தது. 2020-21ஆம் பருவம் முழுவதும் மேற்கு வங்காளத்திலேயே நடந்தது. 2021-22ஆம் பருவத்து ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயர் இல்லை. இரண்டாண்டுகளுக்கு முன் வாகைசூடிய கழகம், ஓர் இரங்கற் கூட்டத்துக்குக்கூட ஆளின்றி மறைந்தது. ஏன்? அக்கழகம் பங்குதாரர்க்கு உரியதாக இருந்தது, வாக்குரிமை பெற்ற உறுப்பினர் என்று எழுந்து நின்று "எம் கழகம் எங்கே?" என்று கேட்பதற்கு எவருக்கும் இடமில்லை.

பெயரும் மொழியும்

இனிப் பெயரைப் பார்ப்போம். சென்னை 'சிட்டி' என்பதில் சென்னை மட்டுமே தமிழ். ஊர்க்கழகம் என்று சொல்ல நமக்குச் சொல்லில்லையா? நகர் இல்லையா, பட்டினம் இல்லையா? ஆங்கிலவனுக்குப் புரியவேண்டும் என்று பெயர் வைத்தோமேயன்றி அடையாற்றுக் குப்பத்துச் சிறுவனுக்கு உரிமையுணர்வு தோன்றவேண்டும் என்று வைக்கவில்லை. இன்னொரு கழகம், இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடியது, 'சென்னையின்' என்றே பெயர் கொண்டது. உடைமைப் பொருள்பட நிற்கும் சொல் அது. சென்னையின் எது? சொல் முடியவில்லை, உடைமையும் சென்னையிடம் இல்லை. 2014இல் அதனை நிறுவியவர் மும்பைத் திரைப்பட நடிகரும் மட்டைப்பந்தாட்டக்காரரும் தொழில்முனைவோருமே. சென்னைக்கு வேற்றுமை உருபு மட்டும் கிடைத்தது.

பெயரில் என்ன இருக்கின்றது என்று ஏளனம் செய்வோரே, பார்சிலோனாவைப் பாருங்கள். பிராங்கோவின் வல்லாட்சி 1941இல் அக்கழகத்தின் பெயரைக் காத்தலான் மொழிமுறையினின்று காசுத்தீலிய முறைக்கு மாற்றக் கட்டளையிட்டது. பெயரில் ஒன்றுமில்லையென்றால் வல்லாட்சியாளன் அதனைத் தொடுவானேன்? 1970களில் அம்மக்கள் தம் மொழிப்பெயரை மீட்டனர். பாசுக்கு நாட்டின் பில்பாவோ நகரத்து அத்திலெத்திக்குக் கழகத்தையும் பாருங்கள். 1898இல் தோன்றிய அக்கழகம் பாசுக்கு மண்ணிற் பிறந்த அல்லது அம்மண்ணில் ஆடப் பயின்ற ஆட்டக்காரரை மட்டுமே கொண்டு ஆடுகின்றது. எசுப்பானிய முதற்பிரிவு 1929இல் தொடங்கிய நாள்முதல் இன்றுவரை அது ஒருமுறையும் கீழிறங்கியதில்லை. 2024இல் எசுப்பானிய மன்னர் கோப்பையையும் வென்றது. உலகச் சந்தையே விலைபேசும் ஆட்டத்தில், ஒரு சிறு மொழியினம் தன் மண்ணின் பிள்ளைகளை மட்டும் நம்பி நூற்றாண்டுக்கு மேலாகத் தலைநிமிர்ந்து நிற்கின்றது! அதற்குத் தலைவர் ஒருவர் உண்டு. அவரைத் தேர்ந்தெடுப்போர் உறுப்பினர். இடாய்ச்சுலாந்திலோ கழகங்களின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் கையில் இருத்தல்வேண்டும் என்பது தொடராட்டத்தின் பொது ஒழுங்கு. பொருளாளன் வரலாம், பொருளிடலாம். வீட்டுச்சாவி மட்டும் ஊரார் இடுப்பில்!

தடை விடைகள்

நம்மை நோக்கிச் சிலர் கேட்பர்: "2019இல் வென்றது எசுப்பானியர் காலாலும் சிங்கப்பூரார் பயிற்சியாலும் அன்றோ? இறுதியாட்டத்தில் கோல் அடித்தோருள் அசாமியரும் உண்டே! பிறரை வெறுத்தா வாழப்போகின்றீர்?" வெறுப்புக்கு ஈண்டு இடமேயில்லை. வந்து உழைத்து வென்று தந்தவர்க்குத் தமிழ்நாடு கடன்பட்டிருக்கின்றது. யாதொரு நாட்டானும் நம் திடலில் ஆடுக, கற்பிக்க, வாழ்க. விருந்தினன் வருவதற்கு வீடு வேண்டும் என்பதே நம் வழக்கு. வீட்டாரே இல்லாத இடத்தில் விருந்தினர் மட்டும் இருந்தால் அதற்குப் பெயர் சத்திரம். பருவம் முடிந்ததும் அனைவரும் போய்விடுவர், சத்திரத்தை மூடிவிடுவர். அதுவே நடந்தது.

"தமிழரிடம் ஆட்டத்திறமை இருக்கின்றதா?" என்பார்க்கு விடை வரலாற்றில் உண்டு. 1960இல் உரோமை ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிரே இந்தியாவின் கோலை அடித்தவர் தஞ்சையிற் பிறந்த சைமன் சுந்தரராசு. அதன்பின் ஒலிம்பிக்குக் கால்பந்தில் இந்தியா ஒரு கோல்கூட அடித்ததில்லை. சென்னை சிட்டியில் ஆடிப் பெயர்பெற்ற குமரிக் கடற்கரையின் மைக்கேல் சூசைராசு 2017-18ஆம் பருவத்து ஐ-லீக்கின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அடுத்த பருவம் சம்சேத்பூர் கொண்டுபோயிற்று. அதே கழகத்தில் முதற்பருவத்தில் ஆடிய நந்தகுமார் சேகர், 2023இல் கொல்கத்தாவின் பேராட்டத்தில் மோகன் பகானுக்கு எதிரே ஈசுட் பெங்காலுக்கு வெற்றிக்கோல் அடித்தார். விதை நம்முடையது, விளைச்சல் பிறர் களத்தில். பிள்ளைகள் வெளியூர் போவது குற்றமன்று. போகாமல் ஆடுதற்கு ஓரிடமேனும் இல்லை என்பதே குற்றம்.

"அரசு செய்யட்டும்" என்பார் மூன்றாமவர். அரசு செய்யத்தான் வேண்டும். ஆயினும் ஐசாலில் தொடராட்டத்தைத் தூக்கி நிறுத்தியது அரசாணையன்று. ஆட்டந்தோறும் திடலை நிறைத்த மக்கள்.

செய்யவேண்டுவன

எனவே நாம் வேண்டுவன இவை.

முதலாவது, திடல். ஒரு முழுக் கால்பந்துத் திடலுக்கு வேண்டிய நிலம் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் ஏக்கர், அவ்வளவே. தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் ஒவ்வொன்றிலும், எவரும் விற்கவோ வளைக்கவோ இயலாதபடி, நத்தத்தைப் போலவே பதிவேட்டில் 'ஆடுநத்தம்' என்று குறித்து ஒரு திடலை ஒதுக்குக! சேர்வராயன் மலையில் தோட்டமுதலாளிக்கு நிலம் இருக்கின்றது. ஓய்வுமாளிகைக்கு நிலம் இருக்கின்றது. ஆங்கிலவழி உறைவிடப் பள்ளிகளுக்குப் புல்வெளித் திடல் இருக்கின்றது. குளம்பிக்கொட்டை உலர்த்தும் களத்தில் பந்தடிக்கும் மலைக்குடிப் பிள்ளைக்கு மட்டும் நிலம் இல்லையா? முழுத்திடலுக்கு ஏற்ற சமநிலம் கிடையாத மலையூர்களில் அரைத்திடலேனும் அமைக்கலாம். காலுக்குப் பழக்கம் அங்கே ஏறிவிடும்.

இரண்டாவது, ஏணி. செம்மநத்தத்துச் சிறுவன் ஏற்காட்டு வட்டக் குழுவுக்கும், அங்கிருந்து சேலம் மாவட்டக் குழுவுக்கும், அங்கிருந்து தமிழ்நாட்டின் முதற்பிரிவுக்கும் ஆட்டத்தால் மட்டுமே ஏறத்தக்க தொடர்ச்சியான படிகள் வேண்டும். வென்றவன் ஏறுவான், தோற்றவன் இறங்குவான், பொருளாளனுக்குக் குறுக்குவழி இல்லை. ஓராண்டு நடந்து மறு ஆண்டு மறக்கப்படும் கோப்பைப் போட்டிகள் ஏணியாகா. எட்டுத் திங்கள் ஆடுவதே தொடராட்டம்.

மூன்றாவது, உடைமை. தமிழ்நாட்டின் பெயரையோ தமிழ்நாட்டு ஊரின் பெயரையோ சூடும் எந்தக் கழகத்திலும் பாதிக்குமேல் வாக்கு உறுப்பினர் கையில் இருக்கவேண்டும். ஊர்ப்பெயர் ஊராரின் உடைமை. இலவயமாக எடுத்துச் சட்டையில் பொறித்து விற்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.

நான்காவது, மொழி. கழகத்தின் பெயரும், நுழைவுச்சீட்டும், அறிவிப்பும், ஆட்டவிளக்கமும் தமிழில் இருக்கவேண்டும். தன் மொழியில் தன் மகனின் பெயரைப் புகழக் கேட்ட தாய்தான் அடுத்த மகனையும் திடலுக்கு அனுப்புவாள்.

தமிழிளைஞர்களே! தொடக்கப்பருவத்தில் எட்டாமிடம் பெறுவது இழிவன்று. ஐசாலும் அவ்விடத்தில்தான் நின்றது. முதன்முறை நடக்கும் பிள்ளை விழத்தான் செய்யும். விழுந்த பிள்ளையைத் தூக்க வீட்டில் ஆளில்லாமற் போனதே நம் இழிவு. 2017இல் சென்னைத் திடலில் மோகன் பகானை வீழ்த்திய அப்பிள்ளைகளுக்குப் பின்னால் ஓர் ஊர் நின்றிருந்தால், 2019இல் பறிக்கப்பட்ட உரிமைக்காக ஓர் இனம் எழுந்திருந்தால், 2021இல் அக்கழகம் மறைந்திருக்காது.

தில்லியின் கூட்டமைப்பு நமக்குக் கதவு திறக்கும் என்று காத்திருக்கவேண்டா. நிறுவனம் ஒன்று வந்து வாகையை விலைக்கு வாங்கித் தரும் என்று கனவு காணவேண்டா. இத்திங்களிலேயே உங்கள் ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து, எம் ஊர்த் திடல் எவ்விடம், அதன் அளவு என்ன, அது யார் பெயரில் இருக்கின்றது என்று மூன்று வினாக்களைக் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை உட்காராதீர்கள். திடலை மீட்டபின் பத்துப்பேர் கூடி, ஆளுக்கொரு வாக்கென்று எழுதி, தூய தமிழில் ஒரு பெயர் சூட்டி, ஒரு கழகம் தொடங்குங்கள். அது முதலாட்டத்தில் தோற்கட்டும்; முதற்பருவத்தில் கடைசியாகவும் நிற்கட்டும். அது உங்கள் கழகமாக இருக்கும். எவனும் அதனைக் கழற்றி அகமதாபாத்துக்குக் கொண்டுபோக இயலாது.

மண்ணை முதலில் பிடியுங்கள். வாகை பின்னே வரும்!